புறா அம்மை: பார்த்ததும் பெயர் வைத்துவிடாதீர்கள்

ஐப்பசி மழை விட்டதும் மதுரையில் கொசு பெருகும். வண்டியூர்க் கண்மாயை ஒட்டிய தெருக்களில் சாயங்காலம் வாசலில் நிற்க முடியாது. மொட்டைமாடிக் கூண்டுகளில் புறா அம்மைக்குப் பயப்பட வேண்டிய காலமும் இதுதான். இது வைரஸால் வரும் நோய், அதைப் பரப்புவதில் கொசுவுக்குப் பெரிய பங்கு உண்டு. சண்டையில் பட்ட கீறல் வழியாகவும் உள்ளே போகும். ஒன்றிரண்டு வாரத்துக்குள் கண் இமை, அலகின் ஓரம், கால் என்று இறகு இல்லாத இடங்களில் சிறு முண்டுகள் கிளம்பும். பெரும்பாலும் அந்த வருஷத்துக் குஞ்சுகளுக்குத்தான் வரும்.

வெளியே தெரியும் முண்டுகளை அடையாளம் கண்டுகொள்வது ஓரளவு சுலபம். பழகினவர்களும் தடுமாறும் இடம் வாய். சில புறாக்களுக்கு அம்மை வாய்க்குள்ளும் தொண்டையிலும் மஞ்சள் படலமாக வரும். கேங்கர் என்று நாம் சொல்லும் நோயிலும் அதே இடத்தில் அதே மஞ்சள் கட்டிதான். கேங்கர் ஓர் ஒட்டுண்ணியால் வருவது, மெட்ரோனிடசோல் வகை மருந்துக்கு அடங்கும். அம்மையை அந்த மருந்து ஒன்றும் செய்யாது. வாயைத் திறந்து பார்த்து, மஞ்சளாக இருக்கிறது என்பதற்காக மட்டும் கேங்கர் மாத்திரையை ஆரம்பிக்கிறார்கள். அந்த நாட்களில் புறா மற்றவற்றோடு அதே கூண்டில் கிடக்கிறது, கொசு தன் வேலையைப் பார்க்கிறது. இதைவிடக் கொடுமை இதற்கு நேர் எதிரான தவறு. அம்மைதான், தானாக உதிர்ந்துவிடும் என்று கேங்கர் குஞ்சை விட்டுவிட்டால், தொண்டை அடைத்து இரை இறங்காமல் செத்துப்போகும். மருந்து இருந்தும் ஓர் உயிர் போவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? இரண்டு நோயும் ஒரே புறாவுக்குச் சேர்ந்து வருவதும் உண்டு என்பதால், வாயோடு நிறுத்தாமல் இமை, அலகு, கால் எல்லாவற்றையும் பாருங்கள். கூண்டில் உள்ள மற்ற புறாக்களையும் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பாருங்கள்.

அந்தப் படலத்தைச் சுரண்டிப் பார்த்து முடிவு சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அம்மைப் படலத்தைப் பிய்த்தால் ரத்தம் வரும், புண் பெரிதாகும், கிருமி சேரும். தோலில் காய்ந்த பொருக்கையும் அப்படித்தான் விட வேண்டும். அதற்குள் வைரஸ் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மூன்று, நான்கு வாரத்தில் தானே விழும். விழுந்ததைப் பொறுக்கி எரித்துவிடுங்கள்.

அப்புறம் பரிசோதனை. கேங்கர் ஒட்டுண்ணியை மைக்ராஸ்கோப்பில் அது அசைவதை வைத்துத்தான் அடையாளம் காண்கிறார்கள். பஞ்சில் துடைத்து எடுத்ததை உசிலம்பட்டியிலிருந்து பஸ்ஸில் கொண்டுவந்தால், ஆறிக் காய்ந்து அசைவே இருக்காது. கேங்கர் இல்லை என்று முடிவு வரும், அதை நம்பி அம்மை என்று சொல்லிவிடுவோம். புறாவையே கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய், அங்கேயே எடுத்து அப்போதே பார்க்கச் சொல்வதுதான் சரி. அம்மையை உறுதிசெய்யும் வழி வேறு. முண்டுத் திசுவைப் பதப்படுத்தி வெட்டிப் பார்த்தால், செல்லுக்குள் பொலிஞ்சர் உடல்கள் எனப்படும் உருண்டைகள் தெரியும். பொருக்கில் வைரஸின் மரபணுவைத் தேடும் பிசிஆர் பரிசோதனையும் செய்யலாம். மாதிரியைத் திசு ஆய்வுக்கு என்றால் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட வேண்டும், வைரஸை வளர்த்துப் பார்க்க என்றால் ஐஸில் வைக்க வேண்டும். ஃபார்மலினில் போட்டதில் வைரஸ் வளராது. எந்த ஆய்வு என்று கேட்டுக்கொண்டு மாதிரியை எடுங்கள்.

ஒரு கண் மட்டும் வீங்கி நீர் வடிந்தால் அதையும் அம்மைக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம். முண்டு எதுவும் இல்லாமல் கண்ணில் நீரும் மூச்சில் இரைப்பும் இருந்தால் கிளமிடியா என்ற பாக்டீரியாவாக இருக்கலாம். புறா அம்மை மனிதருக்குத் தொற்றாது. கிளமிடியா தொற்றும், நிமோனியா வரை கொண்டுபோகும். கூண்டைப் பெருக்கும்போது முகக்கவசம் போடுங்கள், பிள்ளைகளை அனுப்பாதீர்கள்.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுவது நம் வீடுகளில் வழக்கம். பரிசோதனைக்கு முன்னால் மட்டும் பூசாதீர்கள். மஞ்சள் அப்பிய முண்டின் நிறமும் ஓரமும் மருத்துவருக்குத் தெரியாது. அதற்குப் பதிலாகத் தினமும் ஒரே வெளிச்சத்தில் போனில் படம் எடுத்து வையுங்கள். அம்மை முண்டு நாளுக்கு நாள் பெருத்து, கறுத்து, பொருக்காகும். அந்த மாற்றத்தை ஒரு நாள் பார்வையில் பிடிக்க முடியாது.

அம்மைத் தடுப்பூசி மருந்தை இறகு பிடுங்கிய இடத்தில் தடவுவார்கள். அந்த இடத்தில் ஒரு வாரம், பத்து நாளில் வீக்கம் வரும். அது ஊசி பிடித்ததற்கு அடையாளம், நோய் இல்லை.

புறா இறந்துவிட்டால் வைகையிலோ கண்மாயிலோ வீசாதீர்கள். ஃப்ரீசரிலும் வைக்காதீர்கள், உறைந்தால் திசு சிதைந்துவிடும். இரண்டு பாலித்தீன் பையில் கட்டி, ஐஸ் கட்டிகளுக்கு நடுவில் வைத்து, அன்றைக்கே அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ப் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். கூண்டில் எத்தனை புறா, எதற்கு முதலில் வந்தது, இதுவரை என்ன மருந்து கொடுத்தீர்கள் என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள்.