சேல்ஸ் பசங்களுக்கு முதல்ல எண்ணக் கத்துக்குடுங்க, பேச்சு அப்புறம் (ரங்கூன் கடை அனுபவம்)

புதுசா சேல்ஸுக்கு வர்ற பசங்களுக்கு எல்லாரும் பேசத்தான் முதல்ல சொல்லித் தர்றாங்க, நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன், அது தப்புன்னு மண்டையில ஏற ரெண்டு வருஷம் ஆச்சு. இப்போ என்கிட்ட வர்ற பையனுக்கு முதல் வாரம் வாயே கிடையாது. கூட நடந்து வரணும் (டவுனுக்குள்ள மோட்டார்பைக் தடை, அதனால எப்படியும் நடைதான்), கையில ஒரு நோட்டு, கடைக்குப் போனதும் நம்ம சரக்கு எத்தனை இருக்குன்னு எண்ணி எழுதணும்.

எண்ணுறதுன்னா தூரத்துல நின்னு "இருக்குண்ணே"ன்னு சொல்றது இல்ல. கடை முன்னாடி தொங்குற காபிமிக்ஸ் சரத்த எண்ணணும், ஷெல்ஃப எண்ணணும், எண்ணெய் டின்னுக்குப் பின்னாடி கைய விட்டுப் பாக்கணும், எலி கடிச்ச பாக்கெட்டும் டேட் முடியப்போற பிஸ்கட்டும் அங்கதான் கிடக்கும். கடைக்காரங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு பழசை முன்னாடி எடுத்து வச்சு, தூசி தட்டி, கெட்டுப்போனத தனியா எழுதிக்கிட்டா, நாலாவது தடவை போறப்ப அந்த அம்மாவே ஃபிளாஸ்க்ல இருந்து வெறும் டீ ஊத்தி வைப்பாங்க. ஆர்டர் பேச்சு அதுக்கப்புறம்தான்.

கணக்கு ரொம்ப சிம்பிள். போன வாரம் கடையில 6 பை இருந்துச்சு, நாம 10 போட்டோம், இன்னைக்கு 2 இருக்கு, அப்போ வித்தது 14. அதை ஒன்றரை மடங்காக்கினா 21, கையில இருக்கற 2 போக 19 கேக்கலாம். அந்த அரை மடங்கு, ஒரு வாரம் நல்லா ஓடிட்டா கடை காலியாகாம இருக்கறதுக்கு. மெதுவா ஓடுற ஐட்டத்துக்கு இந்த ஒன்றரையைப் போடாதீங்க, ஒரு வாரத்துக்கு வித்த அளவே போதும். "அமா (பர்மியில அக்கா), போன வாரம் 14 ஓடிருக்கு, 10 வாங்கினா சனிக்கிழமை வர்ற ஆளு பக்கத்துக் கடைக்குப் போயிடுவான்"னு நோட்டைக் காட்டிச் சொல்லணும். கம்பெனி பெருமை ஒண்ணும் வேண்டாம், அது அவங்க கடை கணக்கு, அவங்களே தலையாட்டுவாங்க.

இடம் இல்லன்னு சொன்னா வாதாடாம கயித்துல ரெண்டு சரம் தொங்கவிட இடம் கேளுங்க. கையில காசு இல்லன்னா பாதி இன்னைக்கு, பாதி வியாழக்கிழமை.

அடுத்ததுதான் கஷ்டம், இதைத்தான் நான் ரொம்ப நேரம் உக்காந்து சொல்லித் தருவேன். பர்மாக்காரங்ககிட்ட ஆனாடேன்னு ஒண்ணு இருக்கு, எதிர்ல நிக்கறவன் மனசு நோகக்கூடாதேன்னு வேண்டாம்னு சொல்லவே மாட்டாங்க. "நௌக்மா"ன்னு சிரிச்சா பின்னாடி பாக்கலாம்னு அர்த்தம், பாதி நேரம் அதுக்கு வேண்டாம்னுதான் அர்த்தம். அதை விட மோசம், அதே கூச்சத்துல சரின்னு சொல்லி வாங்கி வச்சுக்கறது. ஒரு மழைக்காலத்துல மாச டார்கெட்டுக்காக ரங்கூன்ல பசுந்தாங் ஏரியா பக்கம் ஒரு அம்மா தலையில 10 பெட்டி பிஸ்கட்ட கட்டிட்டு வந்தேன், அவங்க சிரிச்சுக்கிட்டேதான் வாங்கினாங்க. அடுத்த மாசம் போனா எல்லாம் நமுத்துக் கிடக்கு. ஒரு வார்த்தை திட்டலை. அதுக்கடுத்த தடவை போனப்ப கடைப்பொண்ணு "அமா இல்ல"ன்னுது, அவங்க செருப்பு வாசல்லயே கிடந்துச்சு.

அதனால காலையில கோடவுன்ல ஒரு பையன கடைக்காரனா உக்கார வச்சு, "நௌக்மா"வை மூணு விதமா சொல்லச் சொல்வேன், எது நிஜமான பின்னாடி, எது வேண்டாம்னு மத்தவன் கண்டுபிடிக்கணும். நிஜமா வாங்கப்போறவங்க கிழமை சொல்வாங்க, இல்லன்னா ஷெல்ஃப திரும்பிப் பாப்பாங்க. நம்ம தமிழ் ஆளுங்க கடையில இந்தத் தொல்லையே இல்ல, வேண்டாம்னா மூஞ்சிக்கு நேரா சொல்லி, போன மாச டேமேஜ் பாக்கி எங்கடா தம்பின்னும் கேட்டுருவாங்க.

சீசனும் பையன் தலையில இருக்கணும். ஏப்ரல் 13 வாக்குல திஞ்ஞான் (பர்மா புத்தாண்டு தண்ணித் திருவிழா) தொடங்கிட்டா கடையும் மூடிருக்கும், நம்ம கோடவுனும் மூடிருக்கும், அதனால முந்தின வாரமே ஏத்திடணும். தடிஞ்சூட்டுக்கு (அக்டோபர் வாக்குல வர்ற விளக்குத் திருவிழா) பெரியவங்கள கும்பிடப் போறவங்க கையில குடுக்கறதுக்கு பெட்டியாத்தான் வாங்குவாங்க, சரம் எல்லாம் கேக்க மாட்டாங்க. மழை மாசத்துல பிஸ்கட்ட கொஞ்சம் கொஞ்சமா, என் கதைதான் மேல இருக்கே.

நாலாவது வாரம் பையன தனியா அனுப்பிட்டு மறுநாள் அதே ரூட்ல நான் ஒரு சுத்து போவேன். ஆர்டர் எவ்வளவுன்னு பாக்க மாட்டேன், பழைய பாக்கெட் முன்னாடி நிக்குதான்னு மட்டும் பாப்பேன். நின்னுச்சுன்னா அந்த ரூட் அவனுக்கு, இல்லன்னா திரும்ப நோட்டும் நடையும்.