மாற்று இதயம் தளர்ந்தவரை எக்மோவோடு தருமபுரியிலிருந்து கொண்டுசெல்ல

இதய மாற்று அறுவை முடிந்து பாலக்கோட்டிலோ அரூரிலோ ஊத்தங்கரையிலோ இருப்பவர், மூச்சு வாங்கி ரத்த அழுத்தம் இறங்கி வந்தால், வேறு காரணம் தெளிவாகும்வரை உடல் இதயத்தை நிராகரிக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மாற்று இதயத்தில் நரம்புகள் அறுபட்டிருப்பதால் நெஞ்சுவலி பெரும்பாலும் வராது. துடிப்பு குறைந்தாலும், நரம்புவழியே துடிப்பைக் கூட்டும் மருந்தான அட்ரோபினை நம்ப முடியாது. இதயத்தை நேரடியாகத் தூண்டும் ஐசோப்ரினலின் மருந்து அல்லது பேசிங் (மின்தூண்டலால் துடிக்கவைப்பது) வேண்டும். அறுவை நடந்த மையத்தைக் கேட்டு, அவர்கள் சொன்னால் நிராகரிப்பை அடக்கும் ஸ்டீராய்டான மெத்தில்பிரெட்னிசலோன் 500 மி.கி. முதல் 1 கிராம்வரை. இருமலுக்கென்று கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக்கை மட்டும் எழுதிவிடாதீர்கள். நிராகரிப்பைத் தடுக்க அவர் எடுக்கும் டாக்ரோலிமஸின் அளவு ரத்தத்தில் எகிறிச் சிறுநீரகம் அடிவாங்கும்.

மருந்துக்கு அழுத்தம் ஏறாவிட்டால் எக்மோ, அதாவது ரத்தத்தை வெளியே எடுத்து ஆக்ஸிஜன் ஏற்றி பம்ப் மூலம் தமனிக்குத் திருப்பும் கருவி. குழு வருமுன் இரண்டு தொடை இடுக்குகளையும் ஊசி படாமல் விட்டுவையுங்கள், எக்மோவின் தடித்த குழாயான கேனுலா அங்கேதான் போகும். ஆர்ட்டீரியல் லைன் (ரத்த அழுத்தம் பார்க்கவும் ரத்தம் எடுக்கவும் தமனியில் போடும் குழாய்) வலது மணிக்கட்டில். ஏனென்றால் இதயம் கொஞ்சம் துடிக்கத் தொடங்கினால் நுரையீரலிலிருந்து வரும் ஆக்ஸிஜன் குறைந்த ரத்தம் முதலில் மூளைக்கும் வலக் கைக்கும்தான் போகும். கால் விரலில் மாட்டிய ஆக்ஸிஜன் அளவு காட்டும் கருவி அப்போதும் 100 காட்டிக்கொண்டிருக்கும்.

வழியில் ஆளை இழக்கவைப்பது பெரும்பாலும் ஆக்ஸிஜன், மின்சாரம், கிளாம்ப் போன்ற அற்ப விஷயங்கள்தான். கணக்கை எழுதியே போடுங்கள். வென்டிலேட்டருக்கு நிமிடத்துக்கு 10 லிட்டர், ஆக்ஸிஜனேட்டருக்கு (எக்மோவில் ரத்தத்துக்கு ஆக்ஸிஜன் ஏற்றும் பகுதி) 4, மொத்தம் 14. பெங்களூருக்கு நெரிசலோடு 3 மணி நேரம் என்றால் 2,520 லிட்டர். அதை இரட்டிப்பாக்கினால் 5,040. நிரம்பிய டி டைப் (பெரிய) சிலிண்டர் ஒன்றில் ஏறத்தாழ 7,000 லிட்டர் இருக்கும், அது போதும். சிறிய பி டைப்பில் 1,500தான், இந்த வேகத்தில் 107 நிமிடத்தில் காலி. ஆகவே பி டைப் இரண்டு, ஏற்றி இறக்கவும் அவசரத்துக்கும் மட்டும். மானி பாதி காட்டினால் உள்ளே இருப்பதும் பாதிதான். 'நேற்றுதான் மாற்றினோம்' என்ற பேச்சை ஏற்காதீர்கள்.

எக்மோ பம்ப்பின் பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும் என்று பெட்டியில் எழுதியிருப்பது புதிய பேட்டரிக்கு. ஆம்புலன்ஸ் இன்வெர்ட்டரில் பம்ப், வென்டிலேட்டர், சிரிஞ்ச் பம்ப் எல்லாவற்றையும் சேர்த்து அரை மணி நேரம் ஓடவிட்டுப் பார்த்த பிறகே ஆளை ஏற்றுங்கள்.

குழாயை இறுக்கி மூடும் கிளாம்ப் நான்கு, கண்ணுக்குத் தெரியும் இடத்தில். பம்ப் நின்றால் தமனி ரத்தம் குழாய்வழியே பின்னோக்கி ஓடிவிடும். அதனால் முதலில் தமனிக்குத் திரும்பும் குழாயைக் கிளாம்ப் செய்து, பிறகு சிரைக் குழாய். பம்ப் ஹெட்டைக் கை கிராங்கில் மாட்டிச் சுழற்றி, வேகம் ஏறிய பிறகே திறக்க வேண்டும். தமனிப் பக்கம் கடைசியில். சுற்றுபவருக்குக் கை ஓய்ந்துபோகும், மாற்று ஆள் தேவை.

சாலையில் அதிகம் வருவது சிரைக் குழாய் அதிர்ந்து துடிப்பதும் ரத்த ஓட்டம் குறைவதும். பதறிப்போய் பம்ப் வேகத்தைக் கூட்டுவார்கள், அது தவறு. உறிஞ்ச ரத்தம் போதாததால்தான் சிரைச் சுவர் கேனுலாவில் ஒட்டுகிறது. வேகத்தை நிமிடத்துக்கு 200–300 சுற்று குறைத்து, குழாய் மடங்கியிருக்கிறதா பார்த்து, 250 மி.லி. திரவம் கொடுங்கள். கேனுலா உள்ள காலின் விரல்கள் குளிர்ந்திருக்கின்றனவா என்று பதினைந்து நிமிடத்துக்கொரு தடவை தொட்டுப் பாருங்கள்.

வழி: கிருஷ்ணகிரி, சூளகிரி, ஓசூர், அத்திப்பள்ளி. ஓசூரில் ஷிப்ட் மாறும் நேரத்தைத் தவிருங்கள். எல்லை தாண்டினால் கர்நாடகப் போலீசுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். சேலம், கோவைப் பக்கமென்றால் தொப்பூர் இறக்கத்தில் மெதுவாகத்தான். அங்கே மிச்சம்பிடிக்கும் ஐந்து நிமிடத்தால் யாருக்கும் பயனில்லை.

இறக்கியதும் வென்டிலேட்டரைச் சுவர் ஆக்ஸிஜனுக்கு மாற்றிவிட்டு, ஆக்ஸிஜனேட்டர் குழாயைக் காலியாகும் பி டைப்பிலேயே மறந்துவிடுவது வழக்கமான பிழை. இரண்டு குழாய்களிலும் ரத்தம் ஒரே கருஞ்சிவப்பாகத் தெரிந்தால் முதலில் அதைத்தான் பார்க்க வேண்டும்.