பழைய எம்ஜிபி காரில் இருப்பது எந்த சைலன்சர்? கண்டுபிடிப்பது எப்படி

எம்ஜிபி 1962 முதல் 1980 வரை இங்கிலாந்தில் அபிங்டனில் தயாரான கார். இன்று கைக்கு வருவதில் முதலில் வந்த சைலன்சரே இருப்பது அபூர்வம். துருப்பிடித்து மாற்றப்படும் சாமான்தானே! காரை ஸ்டாண்டில் ஏற்றத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில் மேனிஃபோல்டை, அதாவது இன்ஜினிலிருந்து வரும் புகையைத் திரட்டிக் குழாய்க்கு அனுப்பும் பாகத்தைப் பாருங்கள். இந்த 1798 சிசி இன்ஜினில் சிலிண்டர் நான்கு, புகை வெளியேறும் வாசல் மூன்றுதான்; நடு இரண்டும் ஒரே வாசலைப் பங்கிட்டுக்கொள்ளும். கனமான வார்ப்பிரும்பும் கீழே இரட்டைக் குழாயும் இருந்தால் கம்பெனி வகை. ஸ்டீல் குழாய்களாக வளைந்து இறங்கினால் பிறகு போட்டது.

அடுத்து வெர்னியர் காலிப்பரால் குழாயின் வெளிவிட்டத்தை அளக்கவும். டேப் வேண்டவே வேண்டாம். 44.5 அல்லது 50.8 மிமீ வந்தால் அங்குலக் கணக்கு (1¾, 2). சரியாக 45, 50 என்றால் மில்லிமீட்டர் கணக்கில் செய்தது. துருவைத் தட்டிவிட்டு, நேரான பகுதியில் மட்டும் அளக்கவும். இணைப்பில் வாய் விரிந்திருக்கும்.

இனி நான் கோட்டைவிட்ட இடம். சைலன்சர் பெட்டியின் மீது மங்கலாக ஏதோ எழுத்து தெரிந்தது. அவசரப்பட்டு கிரைண்டரில் கம்பி பிரஷ் மாட்டி ஓட்டினேன். இரண்டே நிமிடம், தகடு பளபளத்தது, எழுத்து போய்விட்டது. கடைசியில் ஒரு எண் மட்டும் மிஞ்சியது. அந்த எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்ய?

நீங்கள் அப்படிச் செய்யாமல், மண்ணெண்ணெயில் நனைத்த துணியை ஒரு இரவு சுற்றி வையுங்கள். மறுநாள் நைலான் பிரஷால் மெல்லத் தேயுங்கள். நன்கு காய்ந்தபின் மெல்லிய தாளை வைத்து மென்மையான பென்சிலைச் சாய்த்துத் தேய்த்தால் எழுத்து எழும்பும். ஒட்டுவில்லை, பெயர்த்தகடு இவற்றை நம்பாதீர்கள். அபார்த் என்ற இத்தாலிய கம்பெனியின் தேள் சின்னத்தை யாரும் வாங்கி ஒட்டலாம். பெட்டியிலேயே அச்சு குத்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

பின்சேர்க்கை: காந்தம் ஒட்டினால் ஸ்டெயின்லெஸ் இல்லையா என்று ஒருவர் கேட்டார். அப்படிச் சொல்ல முடியாது. 304 வகையில் பொதுவாக ஒட்டாது. சைலன்சருக்கே அதிகம் பயன்படும் 409 வகையில் ஒட்டும்.

இன்னொன்று: இணைப்புகளில் புகை கசியாமல் வைக்கும் பழைய கேஸ்கெட்டிலும் குழாயில் சுற்றிய பட்டையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அவற்றை உலர்ந்த நிலையில் சுரண்டவே கூடாது.