உளுத்துப்போன மரக்குதிரைய ஆட வச்ச கதை

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல வாங்கின, பிள்ளைங்க ஏறி ஆடுற பழைய மரக்குதிரை, மதுரைக்கு கொண்டாந்து ரெண்டே வாரத்துல அடியில மாவு மாதிரி தூள் கொட்ட ஆரம்பிச்சிருச்சு. கூட்டித் தள்ளினாலும் மறுபடி கொட்டுதுன்னா உள்ள பூச்சி உயிரோட இருக்குன்னு அர்த்தம். குண்டூசித் தலை அளவு ஓட்டைங்க, ஒவ்வொண்ணுலயும் சிரிஞ்சால மருந்து ஏத்தி, பாலித்தீன்ல சுத்தி வச்சேன்.

லொடலொடன்னு ஆடின முன்னங்கால்தான் பெரிய ரோதனை. ஆணி அடிக்கலாம்னு எடுத்தேன், பக்கத்து வீட்டு ஆசாரி அண்ணே "அடிச்சிராதீங்க தம்பி, பொளந்துரும், இது வஜ்ரம் போட்டு ஒட்டினது"ன்னாரு. வஜ்ரம்னா தோலு, எலும்பைக் காய்ச்சி எடுக்குற பசை. வெந்நீர்த் துணியால ஒத்தடம் குடுக்கக் குடுக்க பழைய பசை இளகி கால் கழண்டு வந்துச்சு, அதைச் சுரண்டிட்டு புது வஜ்ரத்தை கொதிக்க விடாம வெந்நீர்ச் சட்டிக்குள்ள வச்சு உருக்கி ஒட்டி, சைக்கிள் டியூப்ப இறுக்கிச் சுத்தி ஒரு நாள் விட்டேன்.

பழைய பெயிண்ட்ல கை வைக்கல, அழகே அதுதானே. இப்ப அண்ணன் மக ஏறி ஆடுறா, வலது பக்கம் லேசா இழுக்குது.