நாற்பத்தைந்துக்கு மேல் தொழில்: மோட்டாரைப் பற்றி அப்புறம் பேசலாம்

போன மாதம் மட்டும் மூன்று பேர் என் எண்ணெய்ச் செக்கைப் பார்க்க வந்தார்கள். மூவருக்கும் நாற்பத்தைந்திலிருந்து ஐம்பதுக்குள் வயது. ஒருவர் மில் சூப்பர்வைசர், ஒருவர் மருந்துக் கம்பெனிப் பிரதிநிதி, இன்னொருவர் தனியார் பள்ளியில் அலுவலகம் பார்த்தவர். மூன்று பேர் கையிலும் நோட்டு. முதல் கேள்வியும் ஒன்றேதான்: "மோட்டார் மூணு எச்.பி. போதுமாங்க, அஞ்சு போடணுமாங்க?"

சிரிப்பு வந்தது. அடுத்து எரிச்சலும் வந்தது. 2017 கடைசியில், 46 வயதில், இதே மாதிரி நோட்டை வைத்துக்கொண்டு காங்கயம் பக்கம் செக்கு செக்காக ஏறி இறங்கியவன் நான். மில்லில் 22 ஆண்டு பராமரிப்புப் பிரிவு. மோட்டார், பேரிங், கியர்பாக்ஸ் எல்லாம் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பெருந்துறைக்குப் பக்கத்தில் ஷெட் பிடித்து, வாகை மர உலக்கை போட்டு, ஓடும்போது சத்தமே வராத அளவுக்குச் செக்கை நிறுத்தினேன். அடி வாங்கியது வேறு இடத்தில்.

கடன் அளவோடு வாங்குங்கள், குடும்பத்தைக் கலந்துகொள்ளுங்கள், சந்தையைப் பாருங்கள் என்பதையெல்லாம் உங்கள் மாமனாரே சொல்லியிருப்பார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

கம்பெனி காப்பீட்டை நம்பி வேலையை விடுவது

வேலையை விட்ட அன்றே கம்பெனியின் மருத்துவக் காப்பீடும் பெரும்பாலும் முடிந்துவிடும். 46 வயதில் சர்க்கரையோ பிரஷரோ ஏதாவது ஒன்று கூடவே இருக்கும். புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே இருக்கும் நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. முன்பு நான்கு ஆண்டு வரை இருந்தது, 2024-இல் ஒழுங்குமுறை ஆணையம் அதை அதிகபட்சம் மூன்றாண்டு என்று குறைத்தது. தொழிலுக்கு நாக்கு வெளியே தள்ளும் காலமும் அதே முதல் மூன்றாண்டுதான்.

ஆகவே தொழில் எண்ணம் தலையில் ஏறிய அன்றே தனியாக ஒரு பாலிசி எடுத்துவிடுங்கள். வேலையில் இருக்கும்போதே அந்தக் காலம் ஓடி முடிந்துவிடும். அதற்கு நேரமில்லை என்றால், ராஜினாமா கடிதம் கொடுக்கும் முன்பே, கம்பெனியின் குழுப் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற முடியுமா என்று கேளுங்கள். கணக்கைத் தீர்த்துக்கொண்டு வெளியே வந்த பிறகு கேட்டால் யாரும் காது கொடுப்பதில்லை.

மெஷினை வாங்கிவிட்டு மானியம் கேட்பது

மில் சூப்பர்வைசர் செக்குக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டுத்தான் என்னிடம் வந்திருந்தார். "மானியம் எங்கே எழுதிக் கொடுக்கணுங்க?" என்று கேட்டார்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் முதல் மானியம் புதிய தொழிலுக்கு மட்டும்தான். ஏற்கெனவே ஓடும் செக்குக்குக் கிடையாது. முதலில் விண்ணப்பம், பிறகு வங்கி ஒப்புதல், கடைசியில்தான் மெஷின். நம் வயதுக்காரர்களுக்கு அதில் ஒரு நிம்மதி, 18 முடிந்திருந்தால் போதும், உச்ச வரம்பு இல்லை. புதிய தொழில்முனைவோருக்கான மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தில், நான் தொடங்கிய காலத்தில் பொதுப்பிரிவினருக்கு 35 வயதோடு கதவு மூடிவிடும். இதைத் தெரிந்துகொள்ளாமல் மாவட்டத் தொழில் மையத்துக்கு நாலு முறை நடந்தவன் நான்.

இன்னொன்று. மானியம் கைக்கு வராது. வங்கியில் உங்கள் பெயரில் மூன்றாண்டு வைப்பாக உட்கார்ந்திருந்து, தொழில் ஒழுங்காக ஓடினால் கடனில் கழியும். அந்தப் பணத்தில் கடலைப்பருப்பு வாங்கலாம் என்று கணக்குப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பணம் கேட்கக் கூச்சப்படுவது

நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

மாதச் சம்பளக்காரனுக்கு ஒரு குறை உண்டு, அது அவனுக்கே தெரியாது. 22 ஆண்டு, ஒன்றாம் தேதி ஆனால் பணம் தானாகக் கணக்கில் விழுந்தது. இந்த உலகத்தில் யாரிடமும் போய் நின்று "என் பணத்தைக் கொடு" என்று நான் கேட்டதே கிடையாது. கேட்கத் தெரியாது என்பதும் எனக்குத் தெரியாது. இருபத்தைந்து வயதுப் பையனுக்கு இந்தக் கூச்சம் ஆறு மாதத்தில் போய்விடும். நமக்கு அப்படியில்லை. 'சார்' என்று கூப்பிடப்பட்டு முதுகு நிமிர்ந்துவிட்டது, குனிய மறுக்கிறது.

செக்கு தொடங்கி நாலாவது மாதம், பக்கத்து ஊர்களில் ஐந்தாறு கிளை வைத்திருந்த ஒரு சூப்பர் மார்க்கெட்டிலிருந்து ஆர்டர் வந்தது. கடலை எண்ணெய், நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய் மூன்றும் சேர்த்து வாரத்துக்கு ஏறக்குறைய 25,000 ரூபாய்ச் சரக்கு. முப்பது நாள் கடன். அவர்கள் கேட்டார்கள் என்பதற்காகவே ஜி.எஸ்.டி. எண் எடுத்தேன். முதல் மாதப் பணம் சொன்ன தேதிக்கு வந்தது. அது தூண்டிலில் குத்திய புழு என்று அப்போது தெரியவில்லை.

அடுத்த மாதத்திலிருந்து கதை மாறியது. "ஓனர் வெளியூர் போயிருக்காருங்க." "செக் ரெடிங்க, கையெழுத்து மட்டும் பாக்கி." "அக்கவுண்டன்ட் லீவு, திங்கக்கிழமை வாங்க." நான் திங்கட்கிழமை போவேன். கவுன்டரில் இருந்த பையனுக்கு 28 வயது இருக்கும். நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, "சார் உங்க எண்ணெய் செம மூவிங்" என்பான். டீயைக் குடித்துவிட்டுப் பணத்தைக் கேட்க வாய் வராது. அடுத்த வாரச் சரக்கையும் இறக்கிவிட்டு வருவேன். கேட்டால் ஆர்டர் போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். உண்மையைச் சொன்னால், பயத்தைவிட வெட்கம்தான் அதிகம்.

இந்தப் பக்கம் பார்த்தால் எனக்கு யாரும் கடன் தரவில்லை. அவல்பூந்துறை ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் கொப்பரை ஏலம் எடுத்தாலும், சிவகிரியில் எள் எடுத்தாலும் பணம் உடனே வேண்டும். எடுத்தவன் பணம் கட்டாமல் மூட்டையைத் தொட முடியாது. வாங்குவது ரொக்கம், விற்பது மூன்று மாதக் கடன். நடுவில் இருக்கும் ஓட்டையை யார் அடைப்பது? என் மனைவியின் நகை அடைத்தது. கூட்டுறவுச் சங்கத்தில் 12 பவுன்.

ஒரு சின்னக் கணக்கு. விலை தினமும் மாறும், புரிவதற்காக முழு எண்ணாக வைத்துக்கொள்கிறேன். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு இரண்டரைக் கிலோ பருப்பு. கிலோ 100 ரூபாய் என்றால் 250. ஆள், கரண்ட், பாட்டில் எல்லாம் 45. பிண்ணாக்கு விற்று 50 திரும்பி வரும். அடக்கம் 245. கடைக்கு 270-க்குப் போட்டால் 25 ரூபாய் மிச்சம். ஒரு லிட்டருக்கான பணம் வராமல் போனால், அந்த 245-ஐ மீட்க இன்னும் பத்து லிட்டர் ஆட்டி, விற்று, பணமும் வாங்க வேண்டும். அந்தப் பத்து லிட்டரையும் அதே கடைக்குத்தான் போட்டுக்கொண்டிருந்தேன்.

போதாக்குறைக்கு வரி. பில் போட்ட மாதத்துக்கான ஜி.எஸ்.டி.யை அடுத்த மாதம் 20-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். கடைக்காரர் பணம் கொடுத்தாரா என்று அரசாங்கம் கேட்பதில்லை. வராத பணத்துக்கு வரி கட்டினேன், தாமதமாகக் கட்டிய மாதம் ஆண்டுக்கு 18 சதவீதக் கணக்கில் வட்டியும் கட்டினேன்.

பதினாலு வாரம். 3,50,000 ரூபாய் வெளியே நின்றது. ஒரு நாள் ராத்திரி கணக்கு நோட்டை எடுத்து மனைவி பார்த்துவிட்டார். அவர் பல ஆண்டு மகளிர் சுயஉதவிக் குழுவுக்குத் தலைவி. வாரத் தவணையை வீடு வீடாகக் கேட்டு வாங்கிப் பழகியவர். திட்டவில்லை. "நீங்க கேட்டீங்களா?" என்றார். போனேன், உட்கார்ந்தேன், டீ குடித்தேன் என்றெல்லாம் சொன்னேன். "அதில்லீங்க. கேட்டீங்களா? கேட்டாத்தானுங்க குடுப்பாங்க."

மறுநாள் அவரே போனார். டீ வேண்டாம் என்றுவிட்டார். கல்லா பக்கத்தில் நின்றபடி, இன்று எவ்வளவு, வெள்ளிக்கிழமை எவ்வளவு என்று மட்டும் கேட்டார். சத்தம் போடவில்லை, சண்டையும் இல்லை. ஆனால் பதில் வரும்வரை நகரவில்லை. அன்றைக்கே 20,000 வந்தது. இரண்டு மாதத்தில் 2,10,000 வந்தது. 46,000 ரூபாய்க்கு, தேதி முடியப்போகும் பாட்டில்களைத் திருப்பி அடுக்கினார்கள். மீதி 94,000 வருவதற்குள் இரண்டு கிளையை மூடிவிட்டார்கள். அது போனது போனதுதான். எட்டு வருடம் ஆகப்போகிறது, அந்தக் கடை இருந்த தெருவில் இன்னும் வண்டியை நிறுத்துவதில்லை நான்.

சட்டம் நம் பக்கம் இருப்பது அப்புறம்தான் தெரிந்தது. 2006-இல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் வாங்கியவர் 45 நாளுக்கு மேல் இழுக்கக் கூடாது. ஒப்பந்தமே இல்லை என்றால் 15 நாள். மீறினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. அரசின் இணையதளத்தில் புகார் கொடுக்கலாம். வருமான வரியிலும் ஒரு பிடி வைத்திருக்கிறார்கள். 2024-25 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து, குறு, சிறு நிறுவனத்துக்குக் காலக்கெடு தாண்டித் தர வேண்டிய பாக்கியை, கொடுத்து முடிக்கும்வரை வாங்கியவர் செலவாகக் காட்ட முடியாது. இது உற்பத்தி, சேவை செய்பவர்களுக்குத்தான். வாங்கி விற்கும் வியாபாரிக்கு இல்லை.

இதற்கெல்லாம் குறு, சிறு நிறுவனம் என்று அரசிடம் செய்யும் உத்யம் பதிவு வேண்டும், அதுவும் சரக்கு போடும் முன்பே. பதிவு முழுக்க இலவசம், ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் கால் மணி நேர வேலை. அதற்கு 2,000 ரூபாய் கேட்டு ஆட்கள் வருவார்கள். கொடுக்காதீர்கள்.

ஆனால் புகார் போட்ட கடையில் மறுபடி சரக்கு இறக்க முடியாது. அதனால் நான் சட்டத்தைக் கோர்ட்டுக்கு எடுத்துப்போகவில்லை, பில்லில் அச்சடித்தேன். உத்யம் எண், 45 நாள், வட்டி, மூன்றும் மூன்றே வரியில். படிக்கிற கடைக்காரர் படிப்பார். இப்போதைய வழக்கம் இது: முதல் ஆர்டர் ரொக்கம். பழைய பில் தீர்ந்தால்தான் புதுச் சரக்கு வண்டியில் ஏறும். எந்த ஒரு கடையும் மொத்த விற்பனையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பணம் கேட்கும் போனை மனைவிதான் செய்கிறார். எனக்கு இன்னும் தொண்டை அடைக்கிறது, மறைப்பானேன்.

கூலிக்கு ஆட்டுவதைக் கேவலமாக நினைப்பது

தொடங்கிய புதிதில் ஓர் அம்மா பத்துக் கிலோ கொப்பரையோடு வந்து, "கூலிக்கு ஆட்டித் தருவீங்களா?" என்றார். நான் சொந்தப் பெயரில் பிராண்ட் போட்டு லேபிளெல்லாம் அடித்து வைத்திருக்கிறேன், கூலிக்காரன் மாதிரி நினைத்துவிட்டாரே என்று இருந்தது. இல்லை என்று அனுப்பிவிட்டேன்.

அந்தப் பதினாலு வாரத்தில் கரண்ட் பில் கட்டியது யார் தெரியுமா? பிறகு நானே இறங்கி வந்து ஏற்றுக்கொண்ட கூலி ஆட்டுதான். பருப்பு அவர்களுடையது, பாத்திரம் அவர்களுடையது. விலை ஏறினால் என்ன, இறங்கினால் என்ன, எண்ணெயை எடுக்கும்போதே கையில் காசு. 2025-இல் கொப்பரை விலை தாறுமாறாக ஏறியபோது, சொந்தச் சரக்குக்கு முதலீடு போட முடியாமல் திணறியவர்களில் கூலி ஆட்டு வைத்திருந்தவர்கள் தாக்குப்பிடித்தார்கள். உங்கள் தொழில் எண்ணெயாக இல்லாமல் இருக்கலாம். அதிலும் இப்படி ஒரு கூலி வேலை இருக்கும், உங்கள் பழைய பதவிக்கு அது பிடிக்காது.

அந்த அம்மாவை மறுபடி பார்க்கவே முடியவில்லை.

பழைய ஆபீஸ் நண்பர்களை வாடிக்கையாளர் கணக்கில் எழுதுவது

வாட்ஸாப் குழுவில் 62 பேர். "சூப்பர் சார், கலக்குங்க" என்றவர்கள் நாற்பதுக்கு மேல். வாங்கியவர்கள் ஐந்து.

மூட்டையை நீங்களே தூக்குவது

வேண்டாம். ஆளுக்குக் கொடுக்கும் கூலி பிசியோதெரபிக்குக் கொடுப்பதைவிடக் குறைவு.

விசிட்டிங் கார்டில் 'நிர்வாக இயக்குநர்'

ஒரு செக்கு, ஒரு ஆள், நீங்கள். பெயரும் போன் நம்பரும் போதும்.

அந்த மூவரில் மருந்துப் பிரதிநிதியிடம் மோட்டாருக்குப் பதில் சொல்லாமல், "உங்களுக்கு யாராவது பணம் தரணுமா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார். நாலு வருடம் முன்பு ஒரு நண்பர் வாங்கிய பதினைந்தாயிரம் வரவில்லை, கேட்டால் சங்கடம் என்று விட்டுவிட்டதாகச் சொன்னார். "அதை வாங்கிட்டு வாங்க, எச்.பி. பத்தி அப்புறம் பேசலாம்" என்று அனுப்பினேன். கோபம் என்று முகத்தில் தெரிந்தது.

நேற்று போன் செய்தார். "ஏழாயிரம் வந்துருச்சுங்ண்ணா. இப்பவாச்சும் மோட்டாரைப் பத்திச் சொல்லுங்க."