என்.ஆர்.ஏ.வில் சேரலாமா? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்கள் முடிவெடுக்கும் முன்

என்.ஆர்.ஏ. என்பது நேஷனல் ரைஃபிள் அசோசியேஷன், துப்பாக்கி உரிமைக்காகக் குரல் கொடுக்கும் அமைப்பு. டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் குடிவந்து சில மாதங்களிலேயே இதில் சேரலாமா என்ற கேள்வி உங்களைத் தேடி வரும். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனிதராக இருப்பார். ஏணி கேட்டால் தருவார், ஊருக்குப் போனால் தபாலை எடுத்து வைப்பார். அவரே ஒருநாள், "சனிக்கிழமை துப்பாக்கி சுடும் ரேஞ்சுக்குப் போகிறோம், நீயும் வாயேன்" என்பார். ஆபீஸில் ஒருவர் 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் என்.ஆர்.ஏ.' என்ற நிதி திரட்டும் விருந்துக்கு டிக்கெட் நீட்டுவார். துப்பாக்கி விற்கும் கன் ஷோவுக்கு வேடிக்கை பார்க்கப் போனால், இங்கேயே உறுப்பினராகச் சேர்ந்தால் உள்ளே போக டிக்கெட் வேண்டாம் என்று வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். சில துப்பாக்கி கிளப்களில் சேரவே என்.ஆர்.ஏ. உறுப்பினர் அட்டை கேட்பார்கள்.

நம் ஆட்களில் பாதிப் பேர் மறுத்தால் தப்பாக நினைப்பார்களோ என்று காசைக் கொடுத்துவிடுகிறார்கள். மீதிப் பேர் "இவர்களுக்குத் துப்பாக்கிப் பைத்தியம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். நம் ஊரில் தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கியைக்கூடப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்திலிருந்து வந்தவர்களுக்கு இது புரியாத விஷயமாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. ஆனால் இங்கே வாழப்போகிறீர்கள், பிள்ளைகள் இங்கே படிக்கப்போகிறார்கள். தெரிந்துகொண்டு ஒரு முடிவுக்கு வாருங்கள்.

முதலில் உங்கள் விசா

எஃப்-1, எச்-1பி, எச்-4, எல்-1 என்று தற்காலிக விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது மத்திய சட்டப்படி குற்றம். கடையில் வாங்கினால்தான் குற்றம் என்று இல்லை. ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து அரை மணி நேரம் சுட்டாலும் அதே சட்டம்தான். 2022இல் இதற்கான அதிகபட்சத் தண்டனையை 10 ஆண்டிலிருந்து 15 ஆண்டாக உயர்த்தினார்கள். டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல் பெரும்பாலான பெரியவர்கள் லைசென்ஸ் இல்லாமலே கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாம். அதைக் காட்டி "இங்கே எல்லாருக்கும் ஓகே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மாநிலம் விட்டாலும் மத்திய அரசு விடாது.

இதில் ஒரு விலக்கு உண்டு. ஏதாவது ஒரு மாநிலத்தின் வேட்டை லைசென்ஸ் செல்லுபடியாகும் நிலையில் கையில் இருந்தால், தற்காலிக விசாவில் இருப்பவரும் துப்பாக்கி வைத்திருக்கலாம். ரேஞ்சில் இதைச் சர்வசாதாரணமாகச் சொல்வார்கள். சொல்வது சரிதான். ஆனாலும் குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இதில் இறங்காதீர்கள். வேலை போய், அவகாசமும் முடிந்து, விசா நிலை கெட்டுவிட்டால் வேட்டை லைசென்ஸ் உங்களைக் காப்பாற்றாது.

ரெஹாய்ஃப் வழக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து புளோரிடாவுக்குப் படிக்க வந்தவர் அவர். மதிப்பெண் குறைந்ததால் பல்கலைக்கழகம் வெளியேற்றியது. ஊருக்குத் திரும்பாமல் தங்கிவிட்டவர் ஒருநாள் ரேஞ்சுக்குப் போய்ச் சுட்டார். யாரையும் மிரட்டவில்லை, யாருக்கும் காயம் இல்லை. ஆனாலும் 18 மாதச் சிறைத் தண்டனை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தனக்கு அனுமதி இல்லாத நிலை என்பது அவருக்குத் தெரிந்திருந்ததை அரசு நிரூபிக்க வேண்டும் என்று 2019இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு வருவதற்குள் அவருடைய வாழ்க்கையில் சில வருடங்கள் போய்விட்டன.

ரூம்மேட்டிடம் துப்பாக்கி இருந்தால், அது பூட்டிய பெட்டியில் இருக்கட்டும்; சாவி உங்கள் கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டாம். உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தது என்று வாதிட அரசு வழக்கறிஞருக்கு இடம் கொடுக்காதீர்கள். விருந்து டிக்கெட்டிலும் இதே சிக்கல் உண்டு. 'ஃபிரண்ட்ஸ் ஆஃப் என்.ஆர்.ஏ.' விருந்துகளில் குலுக்கல் பரிசாகத் துப்பாக்கியே தருவது வழக்கம். எச்-1பியில் இருக்கும் ஒருவருக்கு அந்தப் பரிசு விழுந்தால் என்ன செய்வார்?

கிரீன் கார்டு வந்துவிட்டால் மத்திய சட்டம் தடுக்காது. ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டனை பெற்றால் கிரீன் கார்டு இருந்தாலும் நாடு கடத்தலாம். குடியுரிமை வாங்கும் வரை அந்தக் கத்தி தலைக்கு மேல்தான்.

உரிமை வேறு, அமைப்பு வேறு

அமெரிக்க அரசியல் சாசனத்தின் இரண்டாவது திருத்தம் 1791இல் வந்தது. தற்காப்புக்காக வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது 2008இல், ஹெல்லர் வழக்கில். 2010இல் அது மாநிலங்களுக்கும் பொருந்தும் என்றது. 2022இல் வீட்டுக்கு வெளியே எடுத்துச் செல்வதும் அந்த உரிமைக்குள் வந்தது. ஆக, உரிமை இருக்கிறது. நீங்கள் ஒப்புக்கொண்டாலும் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் அது இந்த நாட்டின் சட்டம். உறுப்பினர் கட்டணம் கட்டும்போது நீங்கள் ஆதரிப்பது அந்த உரிமையை மட்டும் அல்ல. அதன் பெயரில் இயங்கும் ஒரு குறிப்பிட்ட அமைப்பையும், அது செய்யும் எல்லா வேலைகளையும் சேர்த்துத்தான்.

என்.ஆர்.ஏ. 1871இல் நியூயார்க்கில் தொடங்கியது. உள்நாட்டுப் போரில் தங்கள் வீரர்களுக்குக் குறி பார்த்துச் சுடத் தெரியவில்லையே என்று வருந்திய வடக்குப் படை அதிகாரிகள் ஆரம்பித்தது. நூறு ஆண்டு காலம் பயிற்சி, போட்டி, வேட்டை என்றே ஓடியது. கலிபோர்னியாவில் கறுப்பினப் போராளிகள் வெளிப்படையாகத் துப்பாக்கியுடன் வந்தபோது, அதைத் தடுக்க 1967இல் கொண்டுவந்த மல்ஃபோர்டு சட்டத்தை இதே என்.ஆர்.ஏ. ஆதரித்தது. 1977இல் சின்சினாட்டியில் நடந்த ஆண்டுக் கூட்டத்தில் உறுப்பினர்கள் பழைய தலைமையைத் தூக்கி எறிந்தார்கள். இன்று நாம் பார்க்கும், எதற்கும் விட்டுக்கொடுக்காத அரசியல் அமைப்பு அந்த இரவில் பிறந்ததுதான்.

காசு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். 1991 முதல் தலைமையில் இருந்த வெய்ன் லாபியேர் மீது நியூயார்க் அட்டர்னி ஜெனரல் 2020இல் வழக்குப் போட்டார். அமைப்பு 2021இல் டல்லாஸில் திவால் மனு போட்டுப் பார்த்தது. நீதிபதி தள்ளுபடி செய்தார். 2024 பிப்ரவரியில் ஜூரி, லாபியேர் அமைப்பின் பணத்தைத் தவறாகச் செலவிட்டார் என்று முடிவு செய்து, 43 லட்சம் டாலருக்கு மேல் திருப்பிக் கட்டச் சொன்னது. தனி விமானப் பயணங்கள், ஆடம்பரச் செலவுகள் எல்லாம் ஆண்டுச் சந்தா கட்டிய சாதாரண உறுப்பினர்களின் பணம். இப்போது தலைமை மாறியிருக்கிறது.

என்.ஆர்.ஏ. மட்டும்தான் என்றும் இல்லை. 'கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்கா' அதைவிடக் கடுமையானது, என்.ஆர்.ஏ. சமரசம் செய்துகொள்கிறது என்று குற்றம்சாட்டும். 1974இல் தொடங்கிய 'செகண்ட் அமென்ட்மென்ட் ஃபவுண்டேஷன்' பெரும்பாலும் கோர்ட்டில்தான் வேலை செய்கிறது. இந்த மூன்றையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

அந்த ஃபவுண்டேஷனைப் பற்றி நம்மைப் போன்றவர்கள் அறிய வேண்டிய ஒன்று உண்டு. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் கிரீன் கார்டு வைத்திருந்தாலும் வெளிநாட்டவர் கைத்துப்பாக்கி வைத்திருக்க முடியாமல் இருந்தது. அதை எதிர்த்து அங்கே வசித்த இருவரோடு சேர்ந்து இந்த அமைப்பும் வழக்குப் போட்டு, 2012இல் ஜெயித்தது. குடியுரிமை இல்லாதவருக்கும் இந்த உரிமை உண்டு என்று நமக்காக வாதாடியவர்கள் அவர்கள். அதை மறைத்துப் பேசுவது நியாயம் இல்லை.

ஆதரிப்பவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள்

விஸ்கான்சினில் ஓக் கிரீக் குருத்வாராவில் 2012இல் வெள்ளை இனவெறியன் ஒருவன் புகுந்து சுட்டான். 2017இல் கான்சஸ் மாநிலம் ஓலேத்தாவில், வேலை முடிந்து பாரில் உட்கார்ந்திருந்த இந்திய இன்ஜினியர் ஒருவரை "என் நாட்டை விட்டுப் போ" என்று கத்தியபடி சுட்டுக் கொன்றான் இன்னொருவன். இதையெல்லாம் பார்த்துவிட்டு, நம்மை நாம்தான் காப்பாற்றிக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் நினைத்தால் அவரைப் பைத்தியம் என்று நான் சொல்ல மாட்டேன். நெடுஞ்சாலை ஓரச் சின்ன ஊரில் கேஸ் ஸ்டேஷன் நடத்தும் என் நண்பர் ஒருவர் ராத்திரி பதினொரு மணிக்குத் தனியாகக் கல்லாவை எண்ணுகிறார். ஷெரீஃப் வந்து சேர வெகுநேரம் ஆகும். அவருக்கு இருக்கும் பயம் பிளேனோவில் அலாரம் போட்ட வீட்டில் தூங்கும் எனக்குக் கிடையாது.

அவர்கள் காந்தியையும் இழுப்பார்கள், தயாராக இருங்கள். இந்தியர்களிடமிருந்து ஆயுதத்தைப் பறித்த 1878ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர் கடுமையாகக் கண்டித்து எழுதியது உண்மை. ஐரோப்பியர்களுக்கு விலக்கு அளித்த சட்டம் அது. ஆனால் அவர் அதை எழுதியது 1918இல், முதல் உலகப் போருக்காகப் பிரிட்டிஷ் ராணுவத்தில் ஆள் சேர்க்கப் போட்ட துண்டுப் பிரசுரத்தில். வீட்டு அலமாரியில் துப்பாக்கி வைப்பதற்கு அவர் கொடுத்த சான்றிதழ் அல்ல.

இன்னொன்றையும் அவர்களிடமே கேளுங்கள். 2016இல் மினசோட்டாவில், முறையான பெர்மிட்டோடு துப்பாக்கி வைத்திருந்த கறுப்பின இளைஞர் ஒருவரைப் போக்குவரத்துப் போலீஸ் நிறுத்தியது. தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று அவரே மரியாதையாகச் சொன்னார். சுட்டுக் கொன்றுவிட்டார்கள். சட்டப்படி துப்பாக்கி வைத்திருந்தவருக்காக என்.ஆர்.ஏ. உரக்கப் பேசும் என்று பலர் எதிர்பார்த்தார்கள், பேசவில்லை. உறுப்பினர்களிலேயே பலர் கோபப்பட்டார்கள். நம் தோல் நிறத்தை மனதில் வைத்து இதை யோசியுங்கள்.

நான் ஏன் கொடுப்பதில்லை

2021இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கும் மேல். செய்தியில் வருவது மால், பள்ளிக்கூடம். எண்ணிக்கையில் பெரியது பூட்டிய அறைக்குள் நடப்பது. லேஆஃப், விசா கெடு, ஊரில் கடன், சொல்லி அழ ஆள் இல்லாத தனிமை என்று நம் பையன்கள் படும் பாடு எனக்குத் தெரியும். மனசு உடைந்த ஒரு ராத்திரியில் கைக்கு எட்டும் தூரத்தில் துப்பாக்கி இருப்பதும் இல்லாததும் ஒன்றல்ல. (அப்படி ஒரு ராத்திரி வந்தால் 988 என்ற தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள்.)

துப்பாக்கியைப் பூட்டி வைப்பதைக் கட்டாயமாக்கும் சட்டங்களை என்.ஆர்.ஏ. எதிர்க்கிறது. டெக்சாஸின் யுவால்டி பள்ளிக்கூடத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 19 குழந்தைகள் செத்த பிறகு இரு கட்சியினரும் சேர்ந்து 2022இல் நிறைவேற்றிய துப்பாக்கிப் பாதுகாப்புச் சட்டத்தையும் எதிர்த்தது. குடும்ப வன்முறைக்காகக் கோர்ட் தடை உத்தரவு போட்ட ஆளிடம் துப்பாக்கி இருக்கக் கூடாது என்ற சட்டம், ரஹிமி வழக்கில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தபோது, என்.ஆர்.ஏ.யும் கன் ஓனர்ஸ் ஆஃப் அமெரிக்காவும் அந்த ஆளின் பக்கம் நின்று மனுக் கொடுத்தன. 2024இல் நீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று சட்டத்தைக் காப்பாற்றியது. கணவனுக்குப் பயந்து, டிபென்டன்ட் விசாவில் போக இடம் இல்லாமல் இருக்கும் நம் பெண்களை நினைத்தால், அந்த மனுவுக்கு என் பணம் ஒரு டாலர்கூடப் போக நான் சம்மதிக்க மாட்டேன். என் நண்பர் துப்பாக்கி வைத்திருப்பதை நான் மதிக்கிறேன். அவருக்குத் தேவை நல்ல பயிற்சியும் நல்ல பூட்டும். அதற்கு எந்த அமைப்பிலும் சேர வேண்டியதில்லை.

கொடுப்பது என்று முடிவெடுத்தால்

பணம் எந்தப் பையில் விழுகிறது என்று பாருங்கள். என்.ஆர்.ஏ. சந்தாவுக்கு வரிக்கழிவு கிடையாது. என்.ஆர்.ஏ. ஃபவுண்டேஷன், செகண்ட் அமென்ட்மென்ட் ஃபவுண்டேஷன் போன்ற அறக்கட்டளைகளுக்குக் கொடுத்தால் கிடைக்கும். தேர்தலுக்குப் பணம் கொடுக்கும் கமிட்டி தனி. குடியுரிமையும் கிரீன் கார்டும் இல்லாதவர்கள் தேர்தல் பணம் ஒரு சென்ட் கூடக் கொடுக்கக் கூடாது, சட்டவிரோதம். கிரீன் கார்டு இருந்தால் கொடுக்கலாம். ஆனால் ஒரு கமிட்டிக்கு வருடத்தில் 200 டாலரைத் தாண்டினால் உங்கள் பெயர், வேலை, கம்பெனி பெயர் எல்லாம் பொதுவில் யார் வேண்டுமானாலும் தேடிப் பார்க்கும்படி பதிவாகும். இந்த விதிகள் பிரேடி, எவ்ரிடவுன் மாதிரி துப்பாக்கிக் கட்டுப்பாடு கேட்கும் எதிர்த்தரப்புக் குழுக்களின் தேர்தல் கமிட்டிகளுக்கும் பொருந்தும். எந்த அமைப்பாக இருந்தாலும் அது வருமான வரித் துறைக்கு ஆண்டுதோறும் கொடுக்கும் 990 என்ற கணக்குப் படிவத்தை இணையத்தில் எடுத்து, தலைவர்களின் சம்பளத்தையும் வழக்கறிஞர் செலவையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

வேண்டாம் என்று முடிவெடுத்தால் விளக்கம் சொல்ல அவசியம் இல்லை. "விசாவில் இருக்கிறேன், சட்டப்படி முடியாது" என்றால் டெக்சாஸ்காரர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். சட்டத்தை மதிப்பவன் என்று மரியாதைகூடக் கிடைக்கும்.

எந்தப் பக்கம் நின்றாலும் ஒரு வேலை எல்லாருக்கும் பொது. குழந்தையை நண்பன் வீட்டுக்கு விளையாட அனுப்பும் முன், "வீட்டில் துப்பாக்கி இருக்கிறதா? பூட்டியிருக்கிறதா?" என்று கேளுங்கள். வேர்க்கடலை அலர்ஜி இருக்கிறது என்று சொல்லும் அதே குரலில் கேட்டால் போதும். துப்பாக்கி வைத்திருக்கும் பொறுப்பான பெற்றோர் கோபப்பட மாட்டார்கள். பெட்டியைத் திறந்து காட்டியவர்களையே நான் பார்த்திருக்கிறேன். வாங்கிவிட்ட நம் ஆட்கள் உங்கள் ஊர்ப் போலீஸ் ஸ்டேஷனில் கேட்டுப் பாருங்கள். துப்பாக்கித் தொழில்துறைச் சங்கம் நடத்தும் 'பிராஜெக்ட் சைல்ட்சேஃப்' திட்டத்தில் பல ஊர்களில் கேபிள் பூட்டை இலவசமாகவே தருகிறார்கள்.