மாடியில் மிளகாயும் மணத்தக்காளியும்: விதையிலிருந்து மோர் ஜாடி வரை

மாடித்தோட்டம் போட ஆசைப்படுகிறவர்கள் முதலில் விதைப் பாக்கெட்டுகளைத்தான் வாங்கிக் குவிக்கிறார்கள். கேரட், காலிஃபிளவர், ஸ்ட்ராபெரி என்று பத்து வகை வாங்கி, எல்லாவற்றிலும் இரண்டு இரண்டு செடி வைத்து, கடைசியில் ஒரு வேளைக் குழம்புக்குக்கூட எதுவும் தேறாது. என்னைக் கேட்டால், என்ன சாப்பிடப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்துவிட்டு அங்கிருந்து பின்னோக்கி வர வேண்டும். இந்தப் பதிவில் மோர் மிளகாயும் மணத்தக்காளி வத்தலும். இரண்டுக்கும் ஒரே மோர், ஒரே வெயில், கிட்டத்தட்ட ஒரே பக்குவம்.

முதலில் நாள்காட்டி

வத்தல் காய சித்திரை வெயில் வேண்டும். அதனால் காய் பங்குனிக் கடைசியிலோ சித்திரையிலோ கைக்கு வர வேண்டும். மிளகாய் நாற்று தயாராக ஏறக்குறைய 40 நாள், நட்ட பிறகு பச்சை மிளகாய் பறிக்க இரண்டு, இரண்டரை மாதம். கணக்குப் போட்டுப் பார்த்தால் டிசம்பர் நடுவில், அதாவது மார்கழி பிறக்கும்போது விதை மண்ணுக்குள் இருக்க வேண்டும். ஆடியில் விதைத்தாலும் மிளகாய் நன்றாகவே காய்க்கும், ஆனால் காய் வரும்போது ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருக்கும், மோரில் ஊறிய மிளகாயை எங்கே கொண்டுபோய்க் காயவைப்பது? மணத்தக்காளிக்கு இவ்வளவு அவசரம் இல்லை, தையில் தூவினால் போதும்.

விதை

மோர் மிளகாய்க்குக் குட்டையாக, சதைப்பற்றாக இருக்கும் மிளகாய்தான் சரி. நீளமாக, ஊசி மாதிரி இருப்பது காய்ந்ததும் வெறும் தோலாகிவிடும். மளிகைக் கடையில் கிடைக்கும் குண்டு வற்றலை உடைத்து விதை எடுத்தாலே பெரும்பாலும் முளைத்துவிடும் (இராமநாதபுரத்துக் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது). காய்கறிக் கடைப் பச்சை மிளகாயிலிருந்து விதை எடுக்காதீர்கள். அது ஒட்டுரகமாக இருந்தால் அடுத்த தலைமுறைச் செடி எப்படி வரும் என்று சொல்ல முடியாது.

மணத்தக்காளிக்கு நன்றாகப் பழுத்த பழம் நாலைந்து போதும். தண்ணீரில் பிசைந்து, விதையை வடிகட்டி, நிழலில் உலர்த்திக்கொள்ளுங்கள். தெருவோரத்தில் தானாக முளைத்த ஏதோ ஒன்றை மணத்தக்காளி என்று நம்பி எடுத்து வராமல், தெரிந்தவர் வீட்டிலிருந்தோ கீரைக்காரரிடமோ வாங்குங்கள்.

மண் கலவை

செம்மண் ஒரு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, மண்புழு உரமோ மக்கிய சாணமோ ஒரு பங்கு. ஒரு பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்புண்ணாக்கு. நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்து, அந்தத் தண்ணீரை இரண்டு மூன்று முறை கொட்டிவிட்டுப் பிழிந்து எடுங்கள், அதில் உப்பு இருக்கும். கலந்ததும் உடனே நட வேண்டாம், லேசாக ஈரம் காட்டி ஒரு வாரம் கிடக்கட்டும். மிளகாய்க்கு ஓரடி உயரப் பை ஒன்றில் ஒரே செடி. பைகளைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் வைத்தால் தண்ணீர் வடியும், மாடித் தளமும் ஊறாது.

நாற்று, நடவு

ஒரு அகலமான தொட்டியில் கலவையை நிரப்பி, விதைகளை விரலிடை விட்டுத் தூவி, மேலே மெல்லியதாக மண் மூடி, பூவாளியால் தெளியுங்கள். மார்கழிக் குளிரில் முளைக்கப் பத்து நாளுக்கு மேலும் ஆகலாம், அதற்குள் மண்ணைக் கிளறிப் பார்க்காதீர்கள். முளைத்த பிறகு நாற்று தண்டடியில் அழுகிச் சாய்ந்தால் தண்ணீர் அதிகம் என்று அர்த்தம். ஐந்தாறு இலை வந்து பென்சில் உயரத்துக்கு வளர்ந்ததும் சாயங்காலம் பார்த்துப் பையில் நடுங்கள்.

எத்தனை செடி? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தினச் சமையலுக்கு இரண்டு செடி போதும், மோர் மிளகாய் போட அது பத்தாது. ஒரே பறிப்பில் அரைக் கிலோவாவது சேர வேண்டுமென்றால் எட்டுப் பத்துச் செடி வையுங்கள். மணத்தக்காளி நாலைந்து போதும், கிளையைக் கிள்ளக் கிள்ளப் பக்கவாட்டில் படர்ந்துகொண்டே போகும். கிள்ளிய கீரை கூட்டுக்கு.

இலை சுருண்டால்

மிளகாய் வளர்ப்பதில் பாதி வேலை இதுதான். இலையைத் திருப்பிப் பாருங்கள். ஓரம் மேல்நோக்கிக் கிண்ணம்போலச் சுருண்டிருந்தால் இலைப்பேன், கீழ்நோக்கி மடங்கி இலை நீண்டு குறுகியிருந்தால் பெரும்பாலும் சிலந்திப்பேன். இரண்டுக்கும் ஆரம்பத்திலேயே வேப்பெண்ணெய் தெளித்தால் கட்டுப்படும்: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி, அதோடு கொஞ்சம் காதி சோப்புக் கரைசல், இல்லையென்றால் எண்ணெய் தண்ணீரில் கலக்காமல் மேலே மிதக்கும். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி, வாரம் ஒரு முறை. செடி முழுவதும் குறுகி, புதுத் துளிரும் சுருண்டே வந்தால் அது நச்சுயிரி நோயாக இருக்கலாம். அந்தச் செடியைத் தயங்காமல் பிடுங்கிவிடுங்கள், பக்கத்துச் செடியாவது பிழைக்கும்.

வெயில் ஏறும்போது பூ உதிரும், தண்ணீர் ஒழுங்கில்லாவிட்டாலும் உதிரும். காலையில் விரலை மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள், மேல் அங்குலம் காய்ந்திருந்தால் ஊற்றுங்கள். அப்புறம் ஒன்று, பறவைகளுக்கு மிளகாயின் காரம் உறைக்காது. கிளி வந்தால் அதுபாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டுப் போகும், காரம் பார்த்து ஓடிவிடும் என்று வலை கட்டாமல் இருந்துவிடாதீர்கள்.

மோர் மிளகாய்

அரைக் கிலோ மிளகாய்க்கு, நன்றாகப் புளித்த தயிரை அதிகம் தண்ணீர் விடாமல் கடைந்த கெட்டி மோர் அரை லிட்டர், கல் உப்பு சுமார் 75 கிராம், வெந்தயத்தை வறுத்துப் பொடித்தது ஒரு தேக்கரண்டி, கொஞ்சம் பெருங்காயம்.

மிளகாயைக் கழுவி, துணியில் பரப்பி, ஈரம் போக உலர்த்துங்கள். காம்பை எடுக்கக் கூடாது. நுனிப் பக்கம் அரை அங்குலத்துக்குக் கீறிவிடுங்கள். கீறாவிட்டால் மோர் உள்ளே இறங்காது, பின்னால் எண்ணெயில் போடும்போது பட்டென்று வெடிக்கும். கீறுவதற்கு முன்னால் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் அன்று ராத்திரி முழுவதும் கை எரியும்.

ஜாடியிலோ கண்ணாடிப் பாத்திரத்திலோ எல்லாவற்றையும் கலந்து மூடி இரண்டு நாள் வையுங்கள், காலையும் மாலையும் ஒரு குலுக்கு. அலுமினியப் பாத்திரம் வேண்டவே வேண்டாம். மூன்றாம் நாள் காலை மிளகாயை மட்டும் அரித்தெடுத்துத் தட்டில் பரப்பி வெயிலில் வையுங்கள், சாயங்காலம் திரும்ப அதே மோரில் போடுங்கள். மோர் முழுவதும் வற்றும் வரை இப்படியே, மூன்று நாலு நாள் ஆகும். பிறகு மோர் இல்லாமல் காய்ச்சல் மட்டும். பச்சை போய் வைக்கோல் நிறம் வந்து, கையில் அள்ளிக் குலுக்கினால் உள்ளே விதை கலகலவென்று சத்தம் கேட்டால் காய்ந்துவிட்டது. வளைந்தால் இன்னும் ஒரு வெயில் பாக்கி.

நடுவில் கோடை மழை வந்தால் பதறாதீர்கள், மிளகாய் மோரிலேயே குளிர்பதனப் பெட்டியில் இருக்கட்டும். ஒரே நாளில் அரைக் கிலோ சேராதவர்களுக்கும் இதுவே வழி: கிடைக்கிறதைக் கீறிக் கீறி உப்பு மோரில் சேர்த்துக்கொண்டே வாருங்கள், போதுமான அளவு சேர்ந்ததும் வெயிலுக்கு எடுங்கள்.

மணத்தக்காளி வத்தல்

பழுக்காத, முற்றின பச்சைக் காயாகப் பறியுங்கள். பச்சையாக வாயில் போட்டுக்கொள்ள வேண்டாம், அது பழத்துக்கு மட்டும். காம்பு ஆய்ந்து, ஒவ்வொரு காயையும் கரண்டியின் அடியால் லேசாக அழுத்தி வாய் பிளக்க வையுங்கள், நசுங்கக் கூடாது. உப்பு மோரில் ஒரு ராத்திரி ஊறினால் போதும். பகலில் வெயில், இரவில் மோர், இரண்டு நாளில் மோர் இழுத்துக்கொள்ளும். அப்புறம் மிளகு மாதிரி கறுத்துக் கடினமாகும் வரை காயவிடுங்கள். ஒரு படி காய் காய்ந்தால் ஒரு சின்ன டப்பா அளவுதான் வரும், மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள்.

இரண்டையும் ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் வைத்து, மாதம் ஒரு முறை வெயில் காட்டினால் அடுத்த சித்திரை வரை தாங்கும். வறுக்கும்போது எண்ணெய் மிதமாகக் காய்ந்தால் போதும். மிளகாய் கருஞ்சிவப்பானதும் எடுத்துவிடுங்கள், தட்டுக்கு வந்த பிறகும் கொஞ்சம் கறுக்கும். மோர் மிளகாய்க்குத் தயிர் சாதமோ கம்பங்கூழோ, மணத்தக்காளிக்கு வத்தக்குழம்பு. இரண்டிலும் உப்பு தூக்கலாகத்தான் இருக்கும், அதனால் குழம்பில் வழக்கமாகப் போடும் உப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டு, கொதித்த பிறகு ருசி பார்த்துச் சேருங்கள்.